மண் நின்றால் நீர் தெளிந்துவிடுமா?

கேள்வி: "எங்கள் பகுதியில் மண், நீர் பாதுகாப்புத் திட்டம் ஒன்று வரப்போகிறது. தடுப்பணை, மரக்கன்று, விவசாயிகளுக்கு மானியம் என்று பேசிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட உள்ளூர்த் திட்டங்கள் மண்ணையும் நீரின் தரத்தையும் உண்மையாகவே காக்கின்றனவா? எதை வைத்து எடைபோடுவது?"

காக்கின்றன. நன்றாகவே காத்த இடங்கள் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் மண்ணைக் காத்துவிட்டால் நீரின் தரமும் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பித் தொடங்கிய திட்டங்கள் ஏமாந்தும் இருக்கின்றன. மண் ஓடுவதற்கு ஒரு வழி, உரச்சத்து ஓடுவதற்கு வேறு வழி. உங்கள் பகுதித் திட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாக யோசித்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அடுத்து, நிலத்தை உழுகிறவரும் அதில் ஆடுமாடு மேய்க்கிறவரும் இந்தத் திட்டத்தால் எதைப் பெறுகிறார்கள், எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். எத்தனை தடுப்பணை என்பது இதற்கெல்லாம் பிறகு வரவேண்டிய கேள்வி.

மழைத்துளியிலிருந்து தொடங்குவோம். பெரிய துளி ஒன்று நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையில் விழுகிறது. வெறும் தரையாக இருந்தால் மண்கட்டி உடைந்து துகள்கள் தெறிக்கும். உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொண்டு மேலே ஒரு பொருக்காகப் படியும். அதன் பிறகு பெய்கிற மழைக்கு உள்ளே இறங்க வழி இல்லை. மேலேயே ஓடும். முதலில் மெல்லிய படலமாக, பிறகு விரல் அகலச் சால்களாக, கடைசியில் ஆள் இறங்கி நிற்கக்கூடிய பள்ளங்களாக. பள்ளத்தைப் பார்த்துத்தான் நாம் பதறுகிறோம். அதற்கு வெகு முன்பே படலம் படலமாகப் போன மேல்மண் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் அது 10 கன மீட்டர், எடையில் 12, 13 டன். நிலத்தில் நின்று பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் குறைந்தது தெரியவே தெரியாது. இயற்கை அந்த அளவு மண்ணைத் திரும்ப உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்காவில் விஷ்மயர், ஸ்மித் என்ற இருவர் சோதனை வயல்களில் பல பத்தாண்டுகள் சேர்ந்த அளவீடுகளைத் திரட்டி, 1965-இல் மண் இழப்புக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். மழையின் அரிக்கும் வலிமை, மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும், மண்மேல் இருக்கும் போர்வை, வரப்பு போன்ற தடுப்பு முறைகள் ஆகியவற்றைப் பெருக்கினால் ஆண்டு இழப்பு கிடைக்கும். இதில் போர்வைக்கான எண்ணைக் கவனியுங்கள். உழுது வெறுமையாக விட்ட நிலத்துக்கு அது 1. அடர்ந்த காட்டுக்கு 0.001 வரை இறங்குகிறது. மற்ற எதையும் மனிதரால் ஆயிரம் மடங்கு மாற்ற முடியாது. மழையை மாற்றவே முடியாது. ஆகவே திட்டக்காரர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பருவத்தின் முதல் பெருமழை விழும் நாளில் இந்த நிலங்களின்மேல் என்ன மூடியிருக்கும்? அறுவடைத் தாளா, மூடாக்கா, பசுந்தாள் பயிரா, புல்லா, அல்லது ஒன்றுமே இல்லையா? இதற்குப் பதில் இல்லாத திட்டம் ஓடையில் எத்தனை தடுப்பணை கட்டினாலும் அந்த அணைகள் வண்டலால் நிரம்பத்தான் போகின்றன.

வேலையை மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்கி வரவேண்டும் என்று இந்தியாவின் நீர்வடிப்பகுதித் திட்ட (மழைநீர் வடிந்து ஒரே ஓடையில் சேரும் நிலப்பரப்புக்கான திட்டம்) வழிகாட்டுதல்களே சொல்கின்றன. காரணம் எளிது. மேலே ஓட்டத்தின் வேகம் குறைந்தால் கீழே சிறிய கட்டுமானம் போதும். மேலே ஒன்றும் செய்யாமல் கீழே கட்டினால் எவ்வளவு பெரியதாகக் கட்டினாலும் போதாது. ஆனால் மேட்டு வேலை கண்ணில் படாது. புகைப்படத்துக்கு நிற்காது. ஒப்பந்ததாரருக்கும் அதில் ஆர்வம் இருக்காது. அதனால்தான் வேலை பள்ளத்தில் தொடங்கிப் பள்ளத்திலேயே முடிந்துவிடுகிறது. திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறிகள் எல்லாம் ஓடையோரம் மட்டும் இருந்தால் தயங்காமல் கேள்வி எழுப்புங்கள்.

வரப்புப் போடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வரப்பு ஒரே மட்டத்தில், சமஉயரக் கோட்டில் போகவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் நீர் தாழ்ந்த இடத்தில் சேர்ந்து அங்கே உடைக்கும். ஒன்று உடைந்தால் அந்த வெள்ளம் கீழ் வரப்பையும் அடித்துக்கொண்டு போகும். வரப்பே இல்லாத நிலத்தில் ஏற்படுவதைவிட அப்போது சேதம் அதிகம். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோவின் யத்தெங்கா பகுதி விவசாயிகள் 1980-களில் இதைக் கற்றுக்கொண்டது நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிபோன்ற குழாயை வைத்துத்தான். இரண்டு குச்சிகளில் குழாயின் இரு முனைகளையும் கட்டி, நீர்மட்டம் சமமாகும் இடங்களைக் குறித்துக்கொண்டே போய்க் கல் வரிசைகளை அடுக்கினார்கள். கற்களின் இடுக்கு வழியே நீர் மெதுவாகக் கசிந்து போகும், மண் மட்டும் நிற்கும். பொட்டலாகக் கிடந்த நிலங்களில் மறுபடி தானியம் விளைந்தது. பொறியாளர் வந்துதான் அளக்க வேண்டும் என்ற நிலை அங்கே இல்லை. எங்கும் நான் விரும்புவது இதைத்தான், ஏனென்றால் ஐந்து வருடம் கழித்து ஒரு வரப்பு உடையும்போது பொறியாளர் அங்கே இருக்க மாட்டார்.

இனி யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு வருகிறேன். சண்டிகரில் 1958-இல் உருவாக்கிய சுக்னா ஏரி வெகு சீக்கிரமே வண்டலால் தூர்ந்துகொண்டு வந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனபோது சிவாலிக் குன்றுகளில் இருந்த சுகோமஜ்ரி என்ற சிற்றூர் தெரியவந்தது. ஆடுமாடு மேய்ந்து மொட்டையான சரிவுகள். மண் பாதுகாப்பு ஆய்வு மையத்தின் பி.ஆர். மிஸ்ரா 1970-களில் அங்கே வேலை தொடங்கினார். மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று சொன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள், பிழைப்பே அதுதான். ஊருக்குச் சிறிய மண் அணைகள் கட்டித் தந்தார்கள். அந்த நீர் நிலமுள்ளவர்களின் வயலுக்கு மட்டும் போனது. நிலமில்லாதவர் எதற்காகத் தன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்? இந்தச் சிக்கலை ஊரே தீர்த்தது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் அணை நீரில் சமபங்கு என்று முடிவானது. நிலமில்லாதவர் தன் பங்கை நிலமுள்ளவருக்குக் கொடுத்து ஈடு பெறலாம். அதன் பிறகு குன்றுகளைக் காக்க முள்வேலி தேவைப்படவில்லை, எல்லோரும் சேர்ந்து காத்தார்கள். சரிவில் புல் வளர்ந்தது, அந்தப் புல்லை வெட்டி விற்று ஊர்ச் சங்கத்துக்கு வருமானம் வந்தது. ஏரிக்குப் போகும் மண்ணும் குறைந்தது. நகரத்து ஏரியைக் காக்கத் தொடங்கிய வேலை, குன்றில் நிலமில்லாத ஒருவரின் பங்கை ஒழுங்குபடுத்தியதால்தான் நிலைத்தது. இந்த ஒரு விஷயத்தை உங்கள் திட்டக் கூட்டத்தில் எல்லோரும் கேட்கும்படி எடுத்துச் சொன்னால் நல்லது.

உள்ளூர் அமைப்பு என்றால் எப்படி இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் பழைய எடுத்துக்காட்டு. 1930-களில் பெருஞ்சமவெளி மண் புழுதிப்புயலாகக் கிளம்பிக் கிழக்குக் கரை நகரங்கள் வரை போனது. ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண் அறிஞர் விடாமல் வாதாடியதால் 1935-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் தலைநகரிலிருந்து ஆணையிட்டு ஒவ்வொரு வயலிலும் வேலை வாங்க முடியாது என்று உணர்ந்தார்கள். 1937-இல் மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் அனுப்பி, அந்தந்தப் பகுதி மக்களே நடத்தும் மாவட்டங்களை அமைக்கச் சொன்னார்கள். முதல் மாவட்டம் அதே ஆண்டு வட கரோலினாவில் பிரௌன் கிரீக்கில் அமைந்தது. இன்று ஏறக்குறைய 3,000 இருக்கின்றன. அதற்கு முன்பே, 1933-இல், விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கில் முன்மாதிரி வேலை தொடங்கியிருந்தது. விவசாயிகள் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். செங்குத்துச் சரிவில் மேய்ச்சலை நிறுத்தி, மற்ற சரிவுகளில் சமஉயரப் பட்டைகளாகப் பயிர் மாற்றி வைத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் வண்டல் படியும் வேகம் பின்னர் பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின.

இந்த ஏற்பாட்டின் பலம், பக்கத்து வயல்காரர் செய்து பார்த்ததை நம்பி இன்னொருவர் செய்கிறார் என்பது. பலவீனமும் அங்கேயேதான். விரும்பினால் சேரலாம் என்றால் அக்கறை உள்ளவர் சேர்வார். மண் அதிகம் போகும் நிலத்துக்காரர் சேராமலே இருக்கலாம். ஒரு நீர்வடிப்பகுதியில் சில வயல்களே பெரும் பங்கு மண்ணை அனுப்பும் நிலை சகஜம். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பெருமைப்படுவதைவிட, அந்தச் சில வயல்காரர்கள் சேர்ந்தார்களா என்று கேட்பதுதான் முறை.

இப்போது முக்கியமான இடம். மணிச்சத்தும் தழைச்சத்தும் நிலத்தைவிட்டு வெளியேறும் விதம் வேறு. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பெரும்பாலும் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு போகும். மண்ணை நிறுத்தினால் அதுவும் நிற்கும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறியபின் நீரில் கரைந்து வேருக்குக் கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். மேற்பரப்பில் எத்தனை வரப்புப் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. சொல்லப்போனால் நீரை நிலத்துக்குள் இறக்குகிற ஒவ்வொரு நல்ல வேலையும், மேலே யூரியா அளவுக்கு மீறிக் கிடந்தால், நைட்ரேட்டையும் சேர்த்தே இறக்கிவிடும்.

பாஸ்பரஸிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை ஈரி ஏரி காட்டிக்கொடுத்தது. வட அமெரிக்காவின் அந்தப் பேரேரி 1960-களில் பாசி படர்ந்து சீரழிந்திருந்தது. 1972-க்குப் பிறகு சாக்கடைக் கழிவுகளைச் சுத்திகரித்து, சோப்புத்தூளில் பாஸ்பரஸைக் குறைத்து ஏரியை மீட்டார்கள். கரையோர விவசாயிகள் மண் அரிப்பைத் தடுக்க உழவைக் குறைத்தார்கள், சிலர் உழவையே விட்டார்கள். மண் நின்றது. மண்ணோடு ஒட்டிப் போகும் பாஸ்பரஸும் குறைந்தது. அப்படியிருந்தும் 1990-களின் நடுவிலிருந்து, ஏரியில் கலக்கும் மாமி ஆற்றில் கரைந்த பாஸ்பரஸ் ஏறத் தொடங்கியது. பாசிக்குக் கரைந்த பாஸ்பரஸ்தான் உடனடி உணவு. 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் டொலிடோ நகரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குழாய் நீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. அதைக் கொதிக்கவைத்தும் பயனில்லை, நீர் வற்றும்போது நஞ்சின் அடர்த்திதான் கூடும்.

ஏன் இப்படி ஆனது? உழாத நிலத்தில் உரத்தை மேலாகத் தூவிவிட்டால் அது மேல் சில சென்டிமீட்டரிலேயே தேங்கிவிடுகிறது. அடுத்த மழை அதைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பகுதி வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய்கள் பதித்திருக்கிறார்கள், அவை கரைந்த உரத்தை நேராக ஓடையில் சேர்க்கின்றன. பெருமழைகளும் கூடின. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் செய்ய வேண்டியது பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை: மண்ணைச் சோதித்துத் தேவைக்கு மட்டும் உரம், அதையும் மண்ணுக்குள் வைத்து இடுவது, மழை வரப்போகும் நாளில் இடாமலிருப்பது. உழவைக் குறைத்தது தவறே இல்லை. உர முறையை மாற்றாமல் உழவை மட்டும் மாற்றியதில்தான் ஓட்டை இருந்தது. ஆகவே உங்கள் திட்டத்தில் உரம், சாணக் குவியல், கழிவுநீர் என்ற சொற்கள் வருகின்றனவா என்று தேடுங்கள். வரவில்லையென்றால் அது மண் பாதுகாப்புத் திட்டம். நீர்த் தரத் திட்டம் என்று அதை அழைக்க முடியாது.

ஓடைக்கரையில் புல், புதர்ப் பட்டை விடுவது பற்றி நிறையப் பேசுவார்கள். நல்ல வேலைதான். ஆனால் நீர் பரவலாக அந்தப் பட்டைக்குள் நுழைந்தால்தான் அது வடிகட்டும். ஒரே வாய்க்காலாகத் திரண்டு வந்தால் பட்டையை அறுத்துக்கொண்டு போய்விடும். நிலத்தடிக் குழாய் வழியாகப் போகும் நீர் அதைத் தொடுவதே இல்லை.

நைட்ரேட்டுக்கு வருவோம். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும் என்பதுதான் முதன்மைக் காரணம். ஜெர்மனியின் மியூனிக் நகரம் தன் குடிநீரின் பெரும்பங்கை மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து எடுக்கிறது. அங்கே நைட்ரேட் ஏறத் தொடங்கியதைக் கண்டதும், வரம்பை எட்டும்வரை காத்திருக்கவில்லை. 1992 முதல் அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் இயற்கை விவசாயத்துக்கு மாறினால் ஹெக்டேர் கணக்கில் பணம் கொடுத்து வருகிறது. விளைபொருளுக்குச் சந்தையும் ஏற்படுத்திக் கொடுத்தது. சுத்திகரிப்பு ஆலைக்குச் செலவழிப்பதைவிட இது லாபம் என்பது கணக்கு.

நியூயார்க் இதையே இன்னும் பெரிய அளவில் செய்தது. அந்த நகரத்து நீரில் பெரும்பங்கு கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது, வடிகட்டும் ஆலை இல்லாமலே. 1989-இல் நடுவண் அரசு விதி ஒன்று வந்தது: ஆலை கட்டுங்கள், அல்லது நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காத்துக் காட்டுங்கள். ஆலைக்கு 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நகரம் முதலில் மலைப்பகுதிப் பண்ணைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதிக்கப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு உட்கார்ந்து பேசினார்கள். பணம் நகரத்துடையது, நடத்துவது விவசாயிகள் அமைத்த வேளாண் குழு என்று ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் தனித் திட்டம்: ஓடைக்குள் மாடு இறங்காமல் வேலி, சாணம் கொட்ட முறையான இடம், கன்றுகளுக்கு ஓடையைவிட்டுத் தள்ளிக் கொட்டகை. கன்றுகள் மேல் அத்தனை கவனம் ஏனென்றால், அவற்றின் சாணத்தில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரி குளோரினுக்குச் சாகாது. சேருவது விருப்பம், ஆனால் 85 விழுக்காடு பண்ணைகள் சேர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள், அதைத் தாண்டியும் சேர்ந்தார்கள். 1997-இல் நகரமும் மாநிலமும் மலைப்பகுதி ஊர்களும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கீழே குடிக்கிறவர் மேலே உழுகிறவருக்குப் பணம் கொடுப்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். மானியம் என்று அதற்குப் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது செய்த வேலைக்கான கூலி.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரக் குடிநீர் நிறுவனம் வயல் வடிகால்களிலிருந்து வரும் நைட்ரேட்டுக்காக 2015-இல் மேற்பகுதி வடிகால் மாவட்டங்கள்மேல் (வயல் வடிகால்களைப் பராமரிக்கும் உள்ளூர் அமைப்புகள்) வழக்குப் போட்டது. 2017-இல் வழக்குத் தள்ளுபடியானது. நைட்ரேட்டை நீக்கும் செலவு நகரத்தின் தலையிலேயே நின்றது.

மரக்கன்றுகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்த மரம், எங்கே என்று தெரியாமல் சரி என்று சொல்லாதீர்கள். மரம் மண்ணைப் பிடிக்கும், நீரைக் குடிக்கவும் செய்யும். தென்னாப்பிரிக்கா 1995-இல் தொடங்கிய திட்டம் ஒன்று மரம் நடுவதற்கு நேர்மாறானது. ஓடைகளை வற்றச் செய்த அயல்நாட்டு வாட்டில், பைன் போன்ற மரங்களை உள்ளூர் மக்களுக்குக் கூலி கொடுத்து வெட்ட வைத்தார்கள். சீனாவின் லோயஸ் (காற்றடி வண்டல்) பீடபூமியில் 1999-க்குப் பிறகு சரிவுச் சாகுபடியை நிறுத்திப் பசுமை வளர்த்ததில் மஞ்சள் ஆற்றில் வரும் மண் வெகுவாகக் குறைந்தது உண்மை. இனியும் நட்டால் அந்த மண்ணின் ஈரம் தாங்காது என்று ஆய்வாளர்கள் எச்சரித்ததும் உண்மை. வறண்ட சரிவில் பல சமயம் புல்லே மரத்தைவிட நல்ல காவல்.

தடுப்பணையால் கிணற்றில் நீர் ஏறினால் அடுத்த ஆண்டே புதிய ஆழ்துளைக் கிணறுகள் வரும், அதிகம் நீர் கேட்கும் பயிர் வரும். இதற்கு ஊர் விதி எதுவும் இல்லையென்றால் ஏறிய நீர் நிற்காது.

கடைசியாக, அளவீடு. கட்டிய அணைகள், நட்ட கன்றுகள், நடத்திய கூட்டங்கள் என்றுதான் அறிக்கை வரும். அவை செலவின் கணக்கு. பலனுக்குக் கணக்கு வேறு: கலங்கல், நைட்ரேட், கரைந்த பாஸ்பரஸ், மலக்கிருமி. இவற்றை வெயில் நாளில் அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். ஓர் ஆண்டு மண்ணின் பெரும்பகுதி நாலைந்து பெருமழைகளில் போய்விடுகிறது. மாதிரி எடுக்க வேண்டியது அந்த நாட்களில்தான். பலன் எப்போது தெரியும் என்பதிலும் பொறுமை வேண்டும். ஓடையில் கலங்கல் சில பருவங்களில் குறையலாம். கிணற்று நைட்ரேட் குறையப் பல ஆண்டுகள், சில நிலங்களில் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகும், ஏனென்றால் முன்பு போட்ட உரம் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏரியின் அடிச்சேற்றில் தங்கிய பாஸ்பரஸும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். மூன்று ஆண்டில் மாற்றம் இல்லை என்று நல்ல திட்டத்தைக் கைவிடும் தவறு நேராமலிருக்க, இதை முதலிலேயே ஊருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

உங்கள் பகுதியில் வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதால் ஒன்றை இப்போதே செய்யலாம். திட்டப் பகுதிக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், முடிந்தால் திட்டம் வராத பக்கத்து ஓடையில் ஓர் இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வரும் பெருமழைகளில் மூன்று இடத்திலும் சுத்தமான புட்டியில் நீர் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, குளிர்ச்சியாக வைத்து ஆய்வகத்துக்கு உடனே கொண்டுபோங்கள். சில குடிநீர்க் கிணறுகளின் நைட்ரேட்டையும் பார்த்துவிடுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடமோ கல்லூரியோ இருந்தால் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வேலை தொடங்குவதற்கு முன் எடுத்த மாதிரிகள் கையில் இல்லையென்றால், பிற்பாடு யார் என்ன சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்காது.